மஞ்சள் மெஷின்

மைத்துனன் வாயை அடைக்கச் சுமைதூக்கி மீசைக்கு வேறு வழி தெரியவில்லை. முதுகில் மூட்டை, பின்னால் பெண்டாட்டியின் தம்பி. லாரியிலிருந்து கிடங்கு வரை அவன் தேர்தல் பேச்சு ஓயவில்லை.

"இந்தத் தடவை அந்தம்மாதான் மாமா ஜெயிப்பாங்க."

"ஜெயிக்கட்டும். வந்ததும் மூட்டை தூக்க மெஷின் கொண்டுவரப் போறாங்களாம். நம்ம பொழப்புல மண்ணுதான்."

வாயில் வந்த பொய்.

மூட்டை சுமப்பவன் தலை நிமிர்வதில்லை. யார் சொன்னது, எந்த முகத்தோடு சொன்னது என்று பார்ப்பதில்லை. குரல் மட்டும் முதுகு முதுகாகப் போகும். வரிசையோ லாரிக்கும் கிடங்குக்கும் வட்டமாகச் சுற்றுகிறது. மீசை அடுத்த மூட்டைக்குத் திரும்புவதற்குள் செய்தி முன்னாலிருந்து அவனிடமே வந்தது.

"மெஷினாம்ண்ணே. மஞ்சள் கலராம். மூச்சு விடாம ஓடுமாம்."

மீசை நடையை நிறுத்தினான். அவன் கலர் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டில் ஒத்துக்கொண்டான். "யப்பா, நான்தான் சும்மா அளந்து விட்டேன்."

எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"மெரட்டிட்டாங்களாண்ணே?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

பொழுது சாய்வதற்குள் அதுவும் செய்தியாகிவிட்டது: உண்மையைச் சொன்ன தொழிலாளிக்கு மிரட்டல். வீட்டில் மனைவி போனை நீட்டினாள். மஞ்சள் மெஷின் படம். பக்கத்தில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு ஆள்.

"இது நீங்கதானே?"

"என் முதுகை நான் எங்கடி பார்த்தேன்?"

"எங்கிட்டயே மறைக்கிறீங்க பாருங்க."

அதற்குப் பிறகு, கிடங்குக்குள் நுழைந்தாலே இருட்டு மூலையில் ஏதோ உறுமுவது போலிருந்தது மீசைக்கு. மற்றவர்களுக்கும் கேட்டதாம்.

ஓட்டுப் போடும் நாளில் மைத்துனனே கட்சி மாறியிருந்தான். "பொழப்புதான் முக்கியம் மாமா."

மெஷின் கதை பொய்யென்று அறிந்த ஒரே ஆள் மீசைதான். ஆனாலும் மறைப்புக்குப் பின்னால் போய் நின்றதும் அவன் விரல் அந்தம்மாவின் சின்னத்தைத் தாண்டிப் போய்விட்டது. எதுக்கு வம்பு.

அந்தம்மா தோற்றார். தப்பித்தோம் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கிடங்கு வாசலில் வாட்ச்மேன் யாரையும் உள்ளே விடவில்லை. உள்ளே உறுமல் கேட்டது. கதவிடுக்கில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

"அந்தம்மாதான் தோத்துட்டாங்களே, அப்புறம் எப்படிப்பா?" மீசை கதவிடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

வாட்ச்மேன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முதலாளி போனுக்கும் அந்தச் செய்தி வந்துச்சுண்ணே. இப்படி ஒரு மெஷின் இருக்கிறதே இத்தனை நாள் தெரியாமப் போச்சேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு."