இரண்டாவது படம்

கிள்ளானுக்குப் போகும் நெடுஞ்சாலையில் முகுந்தன் எழுபதைத் தாண்டவில்லை. மலேசியாவில் வேகத்துக்குப் பேர்போன மைவி கார் ஓட்டுகிறவர்களில் இடது ஓரத்தை விட்டு நகராத ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். லோரிகள்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போயின. அவன் கவனம் சாலையில் இல்லை.

“முதல் படத்துல ஒரு உயிர் இருந்துச்சு, ரெண்டாவதுல வெறும் பளபளப்புதான்” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பெண் பார்க்கப் போகிறவன் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு போகிற வசனமா இது? அவன் நேரம் அப்படி.

நேற்று மதியம், பங்சாரில் அவன் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குத் தரகர் தம்புசாமி போன் செய்திருந்தார். “பொண்ணோட அப்பா கமலநாதன் சார் கேட்டுக்கிட்டே இருக்காரு, மாப்பிள்ளை படம் பாத்துட்டாரான்னு. ரெண்டாவது படமும் வந்தாச்சு. ரெண்டையும் பாத்துட்டு எப்படின்னு நாளைக்கு நேர்லயே சொல்லிடுங்க.”

கமலநாதன் முப்பது வருடம் வண்டிகளைச் சோதித்துப் பாஸ் போட்ட அரசாங்க அதிகாரி. அந்த வாரம்தான், பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, தெருவில் கார் ரேஸ் விடும் ஒரு அடிதடிப் படத்தின் இரண்டாம் பாகம் வெளியாகியிருந்தது. முதல் பாகம் அளவுக்கு இருக்கிறதா இல்லையா என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் அடிதடி நடக்காத குறை. மனிதர் எதைக் கேட்கிறார் என்பது முகுந்தனுக்கு உடனே விளங்கிவிட்டது.

காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாலே தலைசுற்றுகிறவன் அவன். ஆனால் கமலநாதனின் மகள் குமுதாவின் முகத்தைப் போனில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. வயது முப்பத்து நாலு. மூன்று இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தான். அதனால் முதல் பாகத்தை நேற்று மாலை வீட்டிலும், இரண்டாம் பாகத்தை இன்று காலைக் காட்சியிலும், வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்து முடித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வள்ளியம்மா, ரெண்டாவது பார்த்தாயா என்று கேட்டாள். முதல் அளவுக்கு இல்லை என்றான். தனக்கு இரண்டுமே பிடித்திருந்தது என்றாள் அவள். அம்மா எப்போது தியேட்டருக்குப் போனாள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் கிள்ளான் திருப்பம் வந்துவிட்டது.

கமலநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிரேக் பிடிக்குமா என்று சோதிக்கிற பார்வை. அவர் மனைவி அமுதவள்ளி கறிபாப்பும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். குமுதா இன்னும் அடுப்படியில்தான் இருந்தாள். வேலை, சம்பளம், சொந்த வீடு எல்லாம் விசாரித்து முடித்த கமலநாதன், மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறவர்களைத்தான் தமக்குப் பிடிக்கும் என்று பீடிகை போட்டார்.

“சொல்லுங்க தம்பி. ரெண்டாவது படம் எப்படி?”

முகுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “முதல் படம் மாதிரி வரலை அங்கிள்.”

கமலநாதன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அது ஸ்டூடியோவுல எடுத்தது தம்பி. செலவும் ஜாஸ்தி.”

“காசு கொட்டினா மட்டும் போதுமா அங்கிள்? முதல்ல ஒரு இயல்பு இருந்துச்சு. இதுல எல்லாமே கம்ப்யூட்டர் வேலை. எது நிஜம், எது ஒட்ட வெச்சதுன்னே தெரியல.”

கொஞ்சம் வெளிச்சம்தான் கூட்டியிருக்கிறார்கள் என்று அமுதவள்ளி மெல்லச் சொன்னார். ஆன்டிக்கும் இந்த விஷயம் அத்துப்படி போலிருக்கிறதே என்று முகுந்தனுக்கு வியப்பு. கொஞ்சமா ஆன்டி, கண்ணே கூசுது லா என்றான்.

வள்ளியம்மா அவன் தொடையைக் கிள்ளினாள். ரொம்பத் தாக்கிவிட்டோம், ஏதாவது பாராட்ட வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது. வியர்த்தது. படத்தில் வந்த பழைய கார்களை அவசரமாக நினைத்துக்கொண்டான்.

“ஆனா ஒண்ணு அங்கிள். மாடல் பழசா இருந்தாலும், பெயிண்ட் நல்லா அடிச்சிருக்காங்க. அடிபட்ட இடமே தெரியல.”

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது. அமுதவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கமலநாதனின் முகம் கறுத்தது. வள்ளியம்மா இரண்டாவது முறை கிள்ளியது நிச்சயம் ரத்தம் கட்டும்.

“பழசா?” என்றார் கமலநாதன்.

“பத்து வருசம் ஆச்சுல்ல அங்கிள், தெரியத்தானே செய்யும்.” சொன்னதும் அது இன்னும் தப்பாகப் போய்விட்டதை எல்லோர் முகத்திலும் பார்த்தான். என்ன தப்பு என்றுதான் விளங்கவில்லை. இந்த வீட்டில் அந்தப் படத்தின் மேல் இவ்வளவு வெறியா? குமுதா கை நழுவிப் போய்க்கொண்டிருந்தாள்.

“கடைசியா கேக்கறேன். உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?”

இனி உண்மை ஒன்றுதான் காப்பாற்றும் என்று முகுந்தன் முடிவு செய்தான். மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறவர்களைத்தானே இவருக்குப் பிடிக்கும்.

“மன்னிச்சிடுங்க அங்கிள். பாதி பாக்கறப்பவே எனக்கு வாந்தி வந்துருச்சு. வெளிய போய் மூஞ்சி கழுவிட்டு, உங்களுக்காகத்தான் திரும்ப வந்து மீதியைப் பாத்தேன். ஆனா குமுதாவுக்காக மூணாவது வந்தாலும் பாப்பேன்.”

கமலநாதன் எழுந்தார். வாசலைக் காட்டக் கையும் நீண்டுவிட்டது. வள்ளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றாள். முகுந்தனுக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் அடுப்படிக் கதவோரம் குமுதா வந்து நின்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்கும் கண்ணில் தண்ணீர்.

“எனக்கும் அந்தக் கார் படத்துல பாதியிலயே தலை சுத்திருச்சுங்க. ஆனா அப்பா உங்ககிட்ட கேட்டது, நேத்து உங்க அம்மாவுக்கு அனுப்பின என்னோட ரெண்டாவது போட்டோவைப் பத்தி.”