பாசி சாரின் பன்னிரண்டு வடிகட்டிகள்

சிவகாசியில் பட்டாசுக்குப் பயப்படாத ஆட்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் உண்டு. பாலியெஸ்டர் சட்டைக்குப் பயந்த ஒரே ஆள் எங்கள் பாசி சார்தான்.

நான் பிழை திருத்திக்கொண்டிருந்த காலண்டர் அச்சகத்தின் மொட்டைமாடி அறைக்குக் குடிவந்தார். காரியாபட்டிக்காரர். ஆராய்ச்சி மாணவர் என்றார். தலையில் பாதி முடி இல்லை. வந்த மறுநாளே பன்னிரண்டு எவர்சில்வர் டீ வடிகட்டிகள் வாங்கினார். டீக்கடை வைக்கப்போகிறார் என்று முடிவுகட்டினோம். அவரோ மலையிலிருந்து கொண்டுவந்த பாசியைக் கழுவி அவற்றில் நிரப்பி, பருத்தி நூலில் கட்டி மாடியைச் சுற்றித் தொங்கவிட்டார்.

"இதுக்கு வேரே கெடையாது அண்ணாச்சி. காத்துல வர்றதைத்தான் பிடிச்சு வச்சுக்கிடும். மூணு மாசம் கழிச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா, நாம எம்புட்டு பிளாஸ்டிக்கைச் சுவாசிக்கோம்னு தெரிஞ்சுரும்" என்று மிஷின்மேன் அண்ணாச்சியிடம் விளக்கினார். நாள் முழுக்க காலண்டர் அட்டைக்கு பிளாஸ்டிக் உறை ஒட்டும் அண்ணாச்சி, ரொம்ப நல்ல காரியம் என்று பாராட்டினார்.

அதன்பின் மாடிப்படியில் சட்டைப் பரிசோதனை. பாலியெஸ்டர் இழை உதிர்ந்து பாசியில் விழுந்தால் கணக்கே தப்பிவிடுமாம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த முதலாளியே பனியனோடுதான் மேலே போனார்.

சாரின் ஆய்வேட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. இந்தக் கெடுவையும் விட்டால் படிப்பே போச்சு. பாசியை இறக்க நாலு நாள் இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. சார் ஊருக்குப் போயிருந்தார்.

எங்கள் அச்சகத்தில் அன்று ஸ்பேனர் முதல் கத்தரிக்கோல் வரை பொட்டு வைக்காத சாமான் கிடையாது. சாருடைய சாமானை மட்டும் விட்டுவிட அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு வடிகட்டிக்கும் சந்தனம், குங்குமம், பளபளக்கும் பிளாஸ்டிக் மாலை. மேலே கைநிறைய ஜிகினாத்தூள் தூவியவன் நான். சாரின் சட்டத்தை மட்டும் மீறவில்லை. எல்லோரும் பனியனோடுதான் ஏறினோம்.

மறுநாள் வந்த சார் மாடிக்கு ஏறி, ஒரு மாலையை விலக்கிப் பாசியைப் பார்த்தார்.

"எங்க மிசினுக்குப் போட்ட மாலையேதான் சார். எப்படி இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

சார் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி. பொரி மிச்சம் இருக்கா?" என்றார். ஒரு தட்டுப் பொரியையும் அங்கேயே உட்கார்ந்து தின்று முடித்தார்.

நாங்கள் செய்த காரியம் என்னவென்று, மறுவாரம் அவர் பிழை பார்க்கத் தந்த கடிதத்தில்தான் எனக்கு விளங்கியது. பல்கலைக்கழகத்துக்கு அவகாசம் கேட்டு எழுதியிருந்தார். 'பாசியில் பிளாஸ்டிக் நேரடியாகக் கலந்துவிட்டது. கலந்தவர்கள் என் நண்பர்கள். அவர்கள்மேல் தவறில்லை.'

வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. கடிதத்தில் இருந்ததைச் சொன்னதும், சாரின் படிப்பு போய்விடக் கூடாதே என்று அண்ணாச்சி வேண்டாத சாமியில்லை.

மூன்று மாதம் அவகாசம் கிடைத்தது. அவரைவிட நாங்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டோம். இன்னும் மூன்று மாதம் அந்த மனிதர் எங்களோடு இருப்பார்.