கோமா கண் திறந்த நாள்

கடலூர் மாவட்டத்திலேயே படுத்துக்கொண்டு பேர் வாங்கியவள் எங்கள் தெருக் கோமா ஒருத்திதான். இல்லை என்கிறவர்கள் புதுப்பாளையத்தில் நான் மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் கடைக்கு நேரில் வரலாம். பேசித் தீர்த்துக்கொள்வோம்.

ரேஷன் கார்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஒரு டிவி சீரியலில், மாடிப்படியில் உருண்டு விழுந்து கோமாவுக்குப் போன மாமியாராகப் பதினொரு மாதம் கிடந்ததில் அந்தப் பெயரைத் தெருவே மறந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளும் "கோமா வீடு எதுங்க?" என்றுதான் கேட்பான்.

அவள் நடிக்கப் போன கதை கிள்ளையில் ஆரம்பித்தது. படகுத்துறையில் ஏதோ ஷூட்டிங். வேடிக்கை பார்க்க எங்கள் குடும்பமும் அவள் குடும்பமும் போயிருந்தோம். கூட்டத்தில் மயங்கி விழ ஒரு பொம்பளை வேண்டும் என்றார்கள். இவள் போய் விழுந்தாள். டைரக்டர் மூன்று தடவை கட் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "போதுமா சார், இன்னும் கொஞ்சம் கெடக்கவா?" என்றாள்.

அந்த வாரமே சென்னையிலிருந்து போன் வந்தது. கீரைக்காரி, ஆஸ்பத்திரி ஆயா, பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மூன்றாவது அத்தை என்று எட்டு வருஷம் ஓடியது. அப்புறம்தான் மாமியார் வேஷம்.

படுத்துக்கிடப்பதும் ஒரு நடிப்பா என்று ஒருவன் கேட்டான். அவனை என் கடை பெஞ்சில் படுக்கவைத்து, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாதே என்றேன். ஒரு நிமிஷம் தாங்கவில்லை. இவள் அந்த லைட்டு சூட்டில் நாள் முழுக்கக் கிடப்பாள். மற்ற நடிகர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று வசனத்தைப் படித்துச் சொல்லுவான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேசுவார்கள். ஒரு வசனமும் இல்லாத இவளோ எல்லாருடைய வசனத்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு கிடப்பாள்.

"உனக்கு எதுக்கும்மா அது?" என்றேன்.

"அவுங்க அழுவுறத காதுல வாங்குறவ நான்தானண்ணே. என்னா சொல்ல வராங்கன்னு தெரியாம எப்பிடி மயக்கமா கெடக்குறது?"



வீட்டிலும் பயிற்சி நடக்கும். அவள் வீட்டுக்குத் தோசை மாவு வாங்கப் போன என் மனைவி, அவள் கூடத்தில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை அசையவில்லை. ஏற்றிய பிறகு, "தலகாணிய கொஞ்சம் ஒசத்துப்பா" என்றாள். திட்ட வாயெடுத்த டிரைவர், ஆள் யாரென்று தெரிந்ததும் செல்பி எடுத்துக்கொண்டு போனார். என் மனைவி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே பயம், போட்டோ. சீரியலில் ஓர் ஆளைச் சாகடிக்க முடிவு பண்ணிவிட்டால், கம்பெனி மேனேஜர் பட்டுப்புடவையில் சிரித்த மாதிரி ஒரு போட்டோ கேட்பார். அதைப் பெரிசாக்கி, சந்தன மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். அதோடு வேலை போச்சு. ஒருநாள் இவளிடமும் கேட்டார்கள். போட்டோவே இல்லை என்று சொல்லிவிட்டாள். செட்டில் எடுக்கலாமென்றால் எந்நேரமும் தலையில் கட்டும் மூக்கில் குழாயுமாக இருந்தாள்.

"போட்டோ குடுக்காத வரைக்கும் நான் சாவ மாட்டண்ணே. நாப்பத்தெட்டு வயசுல திரும்பவும் கீர விக்கப் போவ முடியாது."

அந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்தில் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். கேமரா வந்த பக்கமெல்லாம் இவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"டிவில வந்துட்டா எங்ககூட நிக்கக் கூடாதா அண்ணி? ரொம்பத்தான் திமுரு ஜாஸ்தியாயிடுச்சி" என்று நாத்தனார் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். ஒரே ஒரு குடும்பப் படம். ஒரே ஒரு தடவை சிரித்தாள்.

அவள் புருஷன் கடலூர் சிதம்பரம் பஸ் ஓட்டுகிறவர். பெண்டாட்டி நடிக்கிற பெருமையை அந்த பஸ்ஸில் ஏறின அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறார். நானும் அவரும் மச்சான் முறை வைத்துப் பேசிக்கொள்வோம். கல்யாணம் முடிந்த வாரம் பல்லெல்லாம் தெரியக் கடைக்கு வந்தார்.

"மச்சான், கம்பெனி மேனேஜரு எனக்கே போன் பண்ணாரு. கல்யாண படத்துல இவள மட்டும் வெட்டி வாட்ஸப்புல அனுப்பிட்டேன். சூப்பரா இருக்குன்னாரு."

"கொன்னுட்டியே மச்சான்" என்றேன். விளக்கிச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்து, அனுப்பின படத்தை அழிக்க முடியுமா என்று போனை என்னிடம் நீட்டினார்.

அவள் அவரைத் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு சாகப் போனாள். மருமகள் இவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு முடிக்கிறபோது மூச்சு நிற்க வேண்டும். எழுதியிருந்தது அவ்வளவுதான். இவள் அந்தக் கடைசி வார்த்தைக்காகக் காத்திருந்து கண்ணைத் திறந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. பதினொரு மாதமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன் என்கிற மாதிரி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே நடுங்கிப்போனாள். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். அப்படியே டிவியில் விட்டார்கள்.

நான் சீரியல் பார்க்கிறவன் இல்லை. முக்கால்வாசி குப்பை. அந்தப் பார்வை குப்பை இல்லை. அதைப் பார்த்துத்தான் இன்னொரு கம்பெனி அவளை வக்கீலாகப் போட்டிருக்கிறது. இப்போது பக்கம் பக்கமாக வசனம், எதிர்க்கட்சி வக்கீல் வசனமும் சேர்த்து அவளுக்கு மனப்பாடம்.

அது அப்புறம் நடந்தது. அவள் செத்த எபிசோடு வந்த சாயங்காலம் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அவளும் தரையில் உட்கார்ந்து வறுத்த முந்திரி தின்றுகொண்டிருந்தாள். அவள் கண் திறந்ததும் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. சிதம்பரத்திலிருந்து நாத்தனார் போன் பண்ணி, பேச முடியாமல் அழுதாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

அடுத்து அந்தச் சுவர் வந்தது. பட்டுப்புடவை, சிரிப்பு, மாலை. ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்துவிட்டேன்.

"போடுண்ணே. மால நல்லாருக்கான்னு பாக்கணும்" என்றாள்.

"கரண்ட் போயிடுச்சி" என்றேன்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு முந்திரியை என் பக்கம் தள்ளினாள்.