அத்தானின் மனுவில் நான் வைத்த இரண்டு வார்த்தைகள்

அரைகுறை இங்கிலீஷ் படித்தவனைவிட ஆபத்தான பிராணி கிடையாது. மாடு முட்டும் என்று தெரியும், விலகிப் போகலாம். இவன் எப்போது முட்டுவான் என்று எவனுக்கும் தெரியாது. பத்தொன்பது வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். இன்று நினைத்தாலும் அந்தப் பயலைப் பிடித்து நாலு அறை விடத் தோன்றுகிறது.

என் அக்காள் புருஷனுக்குச் சிராங்கூன் ரோட்டில் மாட்டுக்கொட்டகை. ஒன்பது பசுக்கள், அந்தப் பால்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு. ஊருக்குள் மாடு வைத்திருக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்க இங்கிலீஷில் மனுப் போட வேண்டும். அத்தான் மனு எழுதுகிறவரிடம் கிளம்பினார். நான் விடவில்லை. (ஏழாவது பாஸ் செய்தவன் வீட்டில் இருக்கும்போது வெளியாளா?)

கனமான வார்த்தை இல்லாத மனுவை லைசென்ஸ் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை படிக்க மாட்டார் என்பது அன்றைக்கு எங்கள் தெருவின் நம்பிக்கை. கனத்துக்கு எங்கே போவது? மாட்டுக்கொட்டகைகளைப் பற்றித் தெருமுனையில் ஒட்டியிருந்த சர்க்கார் நோட்டீஸுக்குத்தான் போனேன். சர்க்கார் எழுதிய வார்த்தை சர்க்காருக்கே கசக்குமா? இரண்டை எடுத்தேன். ‘ஆப்நாக்ஷஸ்’ என்பதற்கு அர்த்தம் தெரியாது. நோட்டீஸில் கொட்டகை என்ற வார்த்தைக்கு முன்னால் இருந்தது, நானும் எங்கள் கொட்டகைக்கு முன்னால் வைத்தேன். ‘ஃபோர்த்வித்’ என்றால் உடனடியாக என்று தெரியும். அதைக் கடைசி வரியில் வைத்தேன்.

ஆபீஸில் துரை மனுவைப் படித்தார். முகம் சிவந்தது. பக்கத்தில் இருந்த தமிழ்க் கிராணி, அதாவது குமாஸ்தா, வரிசையில் நின்ற அத்தனை பால்காரர்களுக்கும் கேட்கும்படி அத்தானுக்கு விளக்கினார்.

“சகிக்க முடியாத, அருவருப்பான என் கொட்டகைக்கு உடனே லைசென்ஸ் கொடுன்னு எழுதியிருக்கீங்க. உடனேன்னு துரைதான் நமக்குச் சொல்லணும். நாம அவருக்குச் சொல்லப்படாது.”

விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டுவிட்டதால் லைசென்ஸ் இல்லை என்றார்கள். அந்தத் துரைமேலும் எனக்குக் கோபம்தான். அவர் தேநீருக்குப் போன பால் எந்தக் கொட்டகைப் பாலாம்? ஆனால் எழுதியது நான். ஒரே வாரத்தில் ஒன்பது மாடும் கைமாறின. அத்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். அக்காள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது தன் குற்றத்தைத் தானே உளறினால், “மனுக் கொடுத்துட்டான்” என்கிறார்கள். போன மாதம் அக்காள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குக் கோபம் வருமா என்று கேட்டார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் தோளில் கை வைத்தார்.

“மாப்ளே, நீங்க உள்ள போங்க. உங்க மனு மாட்டோட போகட்டும்.”