வளரும் பிள்ளைக்கு ஆறடிப் பை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. பால் பாக்கெட் வாங்கினால் தேதி பார்ப்பேன். பார்த்தபின் அந்தத் தேதியை அச்சடித்தவன் மேல் சந்தேகப்படுவேன். (மனைவி இதை வியாதி என்பாள். நான் ஜாக்கிரதை என்பேன்.)

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பரில், வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் நியூ டவுன் அடுக்குமாடியிலிருந்து எட்டுக் குடும்பங்கள் புருலியா மலைப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பினோம். ஐந்து வயது மகள் நிலாவுக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாலரை அடிப் பை ஒன்றை எடுத்துப் போட்டார்.

“தாதா, இதுதான் சரி. பெரிசு குழந்தைக்கு ஆகாது. உள்ளே காலியிடம் இருந்தா சூடு நிக்காது.” (இங்கே தாதா என்றால் அண்ணன், ரௌடி இல்லை.)

எனக்குப் பொறி தட்டியது. சின்னதை விற்றால்தானே அடுத்த வருஷமும் இவர் கடைக்கு வருவேன்? அதோடு, எங்கள் வீட்டில் யாருக்கு எதை அளவாக வாங்கியிருக்கிறோம்? எனக்குத் தைத்த முதல் பள்ளிச் சட்டை முட்டியைத் தொட்டது. அது பொருந்தியபோது நான் பள்ளியையே மாற்றியிருந்தேன்.

“வளர்ற பிள்ளை. ஆறடியே குடுங்க” என்றேன் என் அரைகுறை வங்காளத்தில். அவர் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையையும் நான் நம்பவில்லை.

முகாமில் முதல் நாள் விடிந்ததும் எழுந்து பார்க்கிறேன், பையின் வாயில் நிலாவின் தலையைக் காணோம். கையை விட்டுத் துழாவினேன். காலி. மனைவியை எழுப்பக்கூடத் தோன்றவில்லை, வெளியே ஓடினேன்.

வெளியே ஒரே ஒரு மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார். பக்கத்து ஃபிளாட் தத்தா பாபு. குரங்குக் குல்லாவில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. தோளில் ஆளையே விழுங்கும் கான்வாஸ் பை. காட்டுப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். (பறவை பார்க்கப் போகிறேன் என்று முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதுவே எனக்கு இடித்தது. எதற்கு அவ்வளவு முன்கூட்டிச் சொல்ல வேண்டும்?)

“தத்தா பாபு, நில்லுங்க! பையைத் திறங்க!”

நான் போட்ட சத்தத்தில் அத்தனை கூடாரங்களிலிருந்தும் தலைகள் நீண்டன. அந்த மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தார். கேமரா ஸ்டாண்ட், ஒரு பொட்டலம் பொரி, ஃபிளாஸ்க், மாற்றுக் குரங்குக் குல்லா இரண்டு.

அப்போதுதான் எங்கள் கூடாரத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஏங்க, ஊரைக் கூட்டினது போதும். உங்க பொண்ணு பைக்குள்ளயே அடியில போய்க் கெடக்கா!”

தூக்கத்தில் நழுவி நழுவி, நான் மேலே போர்த்தியிருந்த இரண்டு ரஜாய்களுக்கும் கீழே, பையின் கால்மாட்டில் சுருண்டிருந்தாள். வேர்த்து, முகம் சிவந்து, “அப்பா, ஏன் கத்துற?” என்று எழுந்தாள். இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே மூச்சு முட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்தை நானே பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

தத்தா பாபு கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் என்றோ ஆறியிருக்கும். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் என்னைக் கண்டால், சந்தைப் பையை அகலத் திறந்து நீட்டுவார். “பார்த்துக்குங்க தாதா, மீன் மட்டும்தான்.” லிஃப்டே சிரிக்கும். நிலாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.