குசுமாவதிக்கு ஒரு ப்ளக் பாயின்ட்

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஜெயமதி சோற்றுப் பானையை மூடப்போன நேரம் பார்த்து அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஒரு நாளாவது பொழுதோடு வந்தாரா இந்த மனுஷன்?

"கை கழுவிட்டு வாங்கப்பா."

"பொழுது சாஞ்சுடுச்சேம்மா" என்றார் ஸ்ரீபால் நயினார்.

சமண வீட்டில் பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது.

"மலை மறைக்குதுப்பா. அந்தாண்ட செங்கத்துல இன்னும் வெயில் அடிக்குது."

"அப்ப செங்கத்துலதான் எலை போடணும்" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப் ரிக்கார்டரோடு போய்ப் படுத்துக்கொண்டார்.

எல்லாம் அந்த ப்ளக் பாயின்ட்டால் வந்த வினை.

அம்மா குசுமாவதி தை மாதம் தவறிப்போனாள். குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் அவள் குரல் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. பெட்டி வேலை செய்கிறதா என்று மாமா பட்டனை அழுத்திப் பார்த்த நேரத்தில், அடுப்படியிலிருந்து புருஷனுக்கு அவள் போட்ட சத்தம்: "ஏங்க, பொழுது சாயப் போவுது! சீக்கிரம் வாங்க, சோறு ஆறுது!" கல்யாணமான நாளிலிருந்து தினமும் போட்ட சத்தம்தான். அவர் வராமல் அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

ஸ்ரீபாலுக்குக் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடும் வேலை. வீடு திரும்பும்போது அவளை வழித்துணைக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். பேட்டரி செல் போட்டால் இரண்டே நாளில் தீர்ந்துபோனது. உள்ளூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் அர்ஜுனன், வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஹேண்டில்பாரில் ஒரு ப்ளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தான்.

அங்கேதான் பிடித்தது சனி. வண்டி வேகமாகப் போனால் அம்மா சுண்டெலி மாதிரி கீச்சிட்டாள். நின்றால் தெருக்கூத்து பீமன் மாதிரி உறுமினாள். மாட்டு வண்டியை முந்தாமல் உருட்டினால் மட்டும் அச்சு அசல் குசுமாவதி. 'சீக்கிரம் வாங்க' என்று அவள் கூப்பிட, அதை நன்றாகக் கேட்பதற்காக அவர் மெதுவாக வர, வீடு சேரும்போது பொழுது போயிருக்கும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

"வீட்டுல உக்காந்து கேளுங்களேம்பா."

"வீட்டுல உக்காந்துக்கினு கேட்டா, 'வாங்க'ங்கறாளே, எங்கம்மா போறது?"

ஜெயமதிக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மறுநாளே அர்ஜுனனைப் பிடித்தாள். "அண்ணா, எந்த ஸ்பீடுல போனாலும் அம்மா ஒரே மாதிரி பேசணும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ ஒயரை மாற்றினான். அதிலிருந்து அம்மா வாயைத் திறந்தால் ஹாரன் அடித்தது. ரோட்டோரத்தில் யாரோ ஒருவருடைய எருமை மிரண்டு ஓட, அதைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தார் அப்பா. அன்றைக்கும் சோறு போச்சு.

மறுபடி மாற்றினான். இப்போது அம்மா பேசினால் ஹெட்லைட் அணைந்தது. அவளை நிறுத்த மனசு வராமல், இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"மண்டியிலேயே வெளிச்சத்தோட சாப்பிட்டுடுங்க" என்று கேரியர் கட்டிக் கொடுத்துப் பார்த்தாள். போன மாதிரியே திரும்பி வந்தது.

"வீட்டுக்கு வான்னு கூப்பிடறா. வழியில சாப்பிட்டேன்னு தெரிஞ்சா கோச்சிக்குவா."

காலையில் நின்ற வாக்கில் இரண்டு இட்லி, அதோடு சரி. சட்டை ஆணியில் மாட்டியது போல் அவர்மேல் தொங்கியது. ஒருநாள் மண்டியில் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது ஜெயமதி போட்டது போட்டபடி ஓடினாள். அம்மாவைக் கொடுத்தாயிற்று. இவரையும் கொடுக்க முடியுமா?

மறுநாள் காலை, அப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போதே அர்ஜுனன் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, அந்தப் பாயின்ட்டைப் பிடுங்கிப் போடுங்க. அம்மா குரல் வேணாம். அப்பா உசுரோட இருந்தா போதும்." அம்மாவை அவளே இன்னொரு முறை வழியனுப்புவது போல் இருந்தது.

அர்ஜுனன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"எதைம்மா பிடுங்கறது? போன மாசமே அவரே கழட்டச் சொல்லிட்டாரே. பெட்டி சும்மாதான் கழுத்துல தொங்குது."

"அப்ப ஏன் தினம் பொழுது சாஞ்சு வர்றாரு?"

அவன் கடையோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினான்.

"வெயில் இருக்கறப்பவே வந்து இங்க உக்காந்துடுவாரும்மா. வெளிச்சத்தோட வீட்டுக்குப் போனா, அவ இல்லாம எலை முன்னாடி உக்காரணுமேன்னு சொல்லிட்டு, பொழுது சாயற வரைக்கும் மலையையே பாத்துக்கினு இருப்பாரு."