பெட்டரி இல்லாத பூதம்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சத்தியம். ஆனால் அந்த இடம் இப்போது வராது. முதலில் எங்கள் வீட்டு ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் பனிமூட்டத்தைப் பற்றி. பொறுங்கள்.

என் பெயர் ஐவி. வயது பதினான்கு. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சூசைரட்ணத்தின் ஒரே மகள். கடவுள் எனக்கு ஒரு வாயும் முப்பது குரலும் கொடுத்தார். அதில் ஒன்று அப்பாவின் மேலதிகாரி கண்டாக்கையாவுடையது. ஒரு காலை, நீட்டிய கை தெரியாத பனி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு மேலே ரோட்டில் நின்று அந்தக் குரலை எடுத்துவிட்டேன்.

"சூசைரட்ணம்! இன்னைக்கு வேலை இல்ல. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு!"

அப்பா தொப்பியைக் கழற்றினார். பனிமூட்டத்துக்குக் குனிந்து, "சரிங்கையா" என்றார். தொழிலாளர் நூற்றிருபது பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மாலையே குட்டு உடைந்து, அப்பா எனக்குத் தீர்ப்புச் சொன்னார். "இனிமே ஒன் வாயில ஒன் குரல் மட்டுந்தான் வரணும். டீச்சரோட நாடகமும் கிடையாது!"

அங்கேதான் அடி விழுந்தது. ஹட்டன் பள்ளிக்கூட விழாவுக்கு டோரீன் டீச்சர் ஒரு பூத நாடகம் போடுகிறார். பூதம் நான். ஆனால் அப்பாவின் சம்மதக் கடிதம் இல்லாமல் மேடை ஏற முடியாது. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கருவாட்டுக் குழம்பு. இறங்கியது.

அம்மா றோசலின் எனக்காகப் பேசினாள். "பிள்ள ஆசைப்படுதுங்க. பூதக்கதைதானே, நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"ஒன் கதையா? ஏழு கடல், ஏழு மலை, கிளிக்குள்ள உசிரு. இதையே எத்தன வருசம் சொல்லுவ? ரேடியோவக் கேளு. ஒவ்வொன்னும் புத்தம் புதுசு!"

ரேடியோதான் அப்பாவுக்கு எல்லாம். ஞாயிறு நாலு மணிக்கு அரைமணி நேரம் நாடகம் கேட்பார். மற்ற நேரத்தில் யாரும் தொடக்கூடாது, பெட்டரி தீர்ந்துவிடும். செங்கல் கனத்துப் பெட்டரி, ஹட்டனுக்குப் போனால்தான் கிடைக்கும். அப்பா மலைக்கு வேலைக்குப் போனதும் அம்மா பாட்டுக் கேட்பது அவருக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பாதிப் பாட்டில் பெட்டரி செத்ததும் தெரியாது.

அம்மா ரேடியோவைப் பார்த்தாள். அதன் பின்னாலிருந்த பலகைச் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

ஞாயிறு நாலு மணி. அம்மா குமிழைத் திருகினாள். சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், நான் முறத்தில் அரிசியை உருட்டினேன். அச்சு அசல் மலைநாட்டு ரேடியோ இரைச்சல். பிறகு கொழும்பு அறிவிப்பாளரின் வெண்ணெய்க் குரல்: "நேயர்களே! அட்டைப் பூதம்! புத்தம் புதிய தொடர் நாடகம்!"

கதை அம்மாவுடையது. அதே பழைய பூதந்தான். எங்கள் மழையில் நனைந்து, இரத்தம் உறிஞ்சும் அட்டையாகிவிட்டது. மலை உயரத்து அட்டை. கொழுந்துக் கூடைகளைக் கூடையோடு விழுங்கும். கிளிக்குள் இருந்த உயிர் ஒரு கறுப்புப் பெட்டிக்குக் குடிபோய்விட்டது. இளவரசி கையில் வாள் இல்லை, ஒரு பிடி உப்பு.

அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பாத்தியா றோசலின்! அட்டையப் பூதமாக்கிட்டான்! கற்பனைன்னா இது!"

"எனக்கெல்லாம் இப்படி வருமாங்க?"

"எப்படி வரும்? இது படிச்சவன் மூளை. ஐவி எங்க?"

"கோயிலுக்கு, ஞானப்பாடம் படிக்கப் போயிருக்கா."

"நல்லதக் கேக்கக் குடுத்து வைக்கல, கழுத!"

கழுதை சுவருக்குப் பின்னால் பூதமாக உறுமியது.

சிரித்துவிட்டீர்களா? அவசரம். அந்த இடம் இன்னும் வரவில்லை.

இரண்டாம் வாரம் முடிவில் அறிவிப்பாளர் குரல் தழுதழுத்தது. "நேயர்களே! பூதம், இளவரசி, எல்லாக் குரலும் ஒரே சிறுமியுடையவை. அவளை மேடையேற்ற அவள் தகப்பனார் மறுக்கிறாராம்."

அப்பா துள்ளி எழுந்தார். "எந்த மடையன்டி அவன்? பேனாவ எடு!"

"ஆருக்குன்னு நான் எழுதிக்கிறேங்க. நீங்க விசயத்த எழுதுங்க. 'பூரண சம்மதம்'னு ஒரு வார்த்தை போட்டீங்கன்னா கனமா இருக்கும்."

அப்பா போட்டார். 'இந்தப் பிள்ளை கட்டாயம் மேடையேற வேண்டும். இதற்கு என் பூரண சம்மதம். இப்படிக்கு, சூசைரட்ணம், கணக்கப்பிள்ளை.' அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

மூன்றாம் ஞாயிறு அப்பா ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். "ஆரம்பிச்சிருச்சா?"

அம்மா குமிழைத் திருகினாள். நான் அரிசியை உருட்டினேன். பூதம் உறுமியது.

"சத்தம் கம்மியா இருக்குல்ல? இந்த நாடகத்துக்காகவே புதுப் பெட்டரி வாங்கியாந்தேன்!"

உறுமுகிறவளுக்கு இது எங்கே கேட்கும்? ரேடியோவின் பின்மூடி திறந்தது. பூதம் நிறுத்தவேயில்லை.

"றோசலின்... பழைய பெட்டரி எங்க?"

"டோரீன் டீச்சர்கிட்டங்க. பூதத்தோட உசிர வைக்க ஒரு கறுப்புப் பெட்டி கேட்டாங்க. ஒங்க சம்மதக் கடுதாசியோட சேத்துக் குடுத்தனுப்பிட்டேன்."

முறத்தில் அரிசி நின்றது. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். நான் சொன்ன இடம் இதுதான்.

அப்பா காலியான ரேடியோவைப் பார்த்தார். பலகைச் சுவரைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். சுவருக்குக் குனிந்தார்.

"சரிங்கையா" என்றார்.